புதன்கிழமைச் சத்தம்

கனத்த சீமெந்துக் கதவைத் தோளால் தள்ளியதும் முதலில் மூக்கில் ஏறுவது ஆப்பிள் வாசனை. அதற்குப் பின்னால் உருளைக்கிழங்கின் மண் மணம், பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருக்கும் சலவை இயந்திரத்தின் சோப்புச் சூடு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒருநாளும் வெயில் படாத சீமெந்தின் குளிர். சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் நாங்கள் குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்தின் நிலவறை அது. அந்தக் காலத்தில் இந்த நாட்டில் வீடு கட்டியவர்கள், என்றாவது போர் வந்தால் ஒளிந்துகொள்ளலாம் என்று அதன் அடியில் ஒரு பதுங்கறையும் சேர்த்துக் கட்டினார்கள். போர் வரவில்லை, ஆகவே ஆப்பிள் பெட்டிகளையும் பனிச்சறுக்குக் கட்டைகளையும் அதற்குள் அடுக்கினார்கள். சுவிஸ்காரர் அதைக் "கெல்லர்" என்றார்கள். என் அப்பா மட்டும் "பங்கர்" என்றே சொல்வார். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குப் பின்னால் தன் கையாலேயே ஒரு பங்கர் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடியவர் அவர். இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த நாளில் கீழே இறங்கிப்போய், சுவரை விரலால் தட்டிப் பார்த்து, நல்ல வேலை செய்திருக்கிறார்கள் என்று தலையசைத்துவிட்டு வந்தாராம். அம்மா இதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, அந்தப் பங்கருக்குள் உட்கார்ந்துதான் நான் ஓர் ஆங்கிலேய பங்க் இசைக்குழுவின் ஆரம்ப சரித்திரத்தைக் கற்றேன். பாதியை ஒரு கசெட்டுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்திலிருந்து. மீதியை, எங்கள் குடும்பத்தில் யாருமே எதிர்பார்த்திராத ஒருவரின் வாயிலிருந்து.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டின் அமைதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தார், அம்மா ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டினார். மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. கதிரைக் கால்கள் எல்லாவற்றுக்கும் அடியில் அப்பா கம்பளித் துண்டு ஒட்டியிருந்தார். படிக்கட்டில் ஓடக்கூடாது, கதவைக் கைப்பிடியைப் பிடித்தே சாத்த வேண்டும், தொலைபேசியில் ஊரோடு கதைக்கும்போதுகூட ஊருக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தக்கூடாது. "மெல்ல, மெல்ல" என்பதுதான் வீட்டுக்குள் அதிகம் புழங்கிய சொல். நான் கோபத்தில் ஒரு கதவை அறைந்தால் அப்பா என் முகத்தைப் பார்க்கமாட்டார், தரையைத்தான் பார்ப்பார், கீழ்வீட்டில் யாராவது நிமிர்ந்து பார்க்கிறார்களோ என்பதுபோல.

அந்த வருடம் இந்த அமைதி இன்னும் இறுகிப்போனது, ஏனென்றால் அப்பா எங்கள் நால்வருக்கும், அதாவது அப்பா, அம்மா, நான், தம்பி எல்லோருக்குமாக, சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். நகரசபையில் நேர்முகம் நடக்கும், அயலவர்களிடம் விசாரித்தாலும் விசாரிப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். "எங்களைப் பற்றிக் கதைக்க ஒருத்தருக்கும் ஒண்டும் இருக்கக்கூடாது" என்று அப்பா சாப்பாட்டு மேசையில் சொல்வார். நல்லதாகக்கூட எதுவும் கதைக்க வேண்டாம் என்பதுபோல இருக்கும் அதைக் கேட்க.

கட்டடத்தின் பராமரிப்பாளருக்குச் சுவிஸில் "அப்வார்ட்" என்று பெயர். படிக்கட்டைத் துடைப்பதும், பனி தள்ளுவதும், யார் எந்த நாளில் உடுப்புத் தோய்ப்பது என்கிற "வாஷ்பிளான்" அட்டையைச் சலவை அறைச் சுவரில் மாட்டுவதும் அவருடைய வேலை. வாரத்துக்கு ஒருமுறை அவரவர்க்கு வருகிற அந்த நாளை யாரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். எங்கள் அப்வார்ட்டின் மகள் கோரின் என் வகுப்புத் தோழி. அவளுடைய அண்ணன் வேலைக்காக வேறு நகரத்துக்குப் போனபோது தன்னுடைய ட்ரம்ஸையும், ஒரு பழைய ஒலிபெருக்கியையும், ஒரு பெட்டி நிறையக் கசெட்டுகளையும் பங்கருக்குள் விட்டுவிட்டுப் போயிருந்தான். புதன்கிழமை பிற்பகல்களில் பள்ளிக்கூடம் கிடையாது. கோரினிடம் சாவி இருந்தது. நானும் என் மச்சாள் டிலானியும், அதாவது அப்பாவின் அக்காவுடைய மகளும், வீட்டுப்பாடம் செய்யப் போகிறோம் என்று சொல்லிக் கீழே இறங்கிவிடுவோம். கொஞ்சம் செய்யவும் செய்தோம்.

அந்தப் பெட்டியில்தான் "கெட்டில் லிட்ஸ்" இருந்தார்கள். கேத்தில் மூடிகள் என்று ஒரு குழு தனக்குப் பெயர் வைத்திருப்பதே எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. கசெட்டைப் போட்டபோது முதலில் டேப் சிக்கிவிட்டது என்றுதான் நினைத்தோம். கிட்டார் தகரத்தை இழுப்பதுபோலக் கத்தியது, ட்ரம்ஸ் யாரோ படிக்கட்டில் பாத்திரங்களோடு உருண்டு விழுவதுபோல விழுந்துகொண்டே இருந்தது, அதற்குமேல் ஒருவன் பாடினான் என்பதைவிட முறையிட்டான் என்று சொல்லலாம். பாட்டு முடிந்ததும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கோரின் டேப்பைத் திருப்பி முதலிலிருந்து போட்டாள். அன்று பிற்பகல் முழுவதும் அந்த ஒரே பாட்டைத்தான் கேட்டோம்.

கசெட்டுக்குள் மடித்திருந்த காகிதத்தில் பொடி எழுத்தில் அவர்களுடைய கதை இருந்தது. டிலானிக்கு எங்களைவிட ஆங்கிலம் நன்றாக வரும். அவள் வாசித்துச் சொல்ல, கோரினுக்கு நான் சுவிஸ் ஜெர்மனில் திருப்பிச் சொல்ல, எழுபதுகளின் பிற்பகுதி லண்டன் எங்கள் ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவே மெல்ல மெல்ல எழும்பியது. ஈரம் ஊறிய ஒரு வீட்டின் அடித்தளத்தில் நான்கு பொடியன்கள். ஒருவனுக்கும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. அவர்களில் பேஸ் கிட்டார் வாசிக்கச் சேர்த்துக்கொள்ளப்பட்டவனுக்கு இருந்த ஒரே தகுதி, அவனிடம் ஒரு பழைய வான் இருந்தது. ட்ரம்ஸ்காரனிடம் பித்தளைத் தட்டுகள் வாங்க வசதியில்லை. வீட்டின் பொதுச் சமையலறையிலிருந்து ஒரு கேத்தில் மூடியை எடுத்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு அடித்தான். மேல்மாடியிலிருந்த ஒரு பெண் இறங்கி வந்து மூடியைத் தரும்படி கத்த, அவர்களுக்குப் பெயர் கிடைத்தது. முதல் கச்சேரி ஒரு மதுக்கடையின் பின்னறையில் நடந்தது. சத்தம் தாங்காமல் கடைக்காரர் மின்சாரத்தை நிறுத்தினார், அவர்கள் மின்சாரம் இல்லாமலேயே தொண்டை கிழியப் பாடி முடித்தார்கள். வானொலி அவர்களைத் தொடவில்லை. ஆனால் அன்று அந்தப் பின்னறையில் நின்றவர்களில் பலர் வீட்டுக்குப் போய், இவர்களாலேயே முடியும் என்றால் எங்களால் முடியாதா என்று ஆளுக்கொரு குழு தொடங்கினார்களாம். பின்னர் பெரும் பெயர் எடுத்த எத்தனையோ பேர் அந்தப் பின்னறையிலிருந்து கிளம்பியவர்கள் என்று காகிதம் பெருமையோடு சொன்னது. திறமையைக் காட்டி ஊரை வாய்பிளக்க வைக்காமல், திறமையில்லாததைக் காட்டி ஊருக்குத் துணிவு கொடுத்தவர்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்று எங்களுக்குத் தோன்றியது இன்னும் எளிமையானது: எங்களுக்கும் வாசிக்கத் தெரியாது.

கோரின் ட்ரம்ஸில் உட்கார்ந்தாள். கிட்டாருக்கு நான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையின் பாடகர் குழுவுக்கு ஒரு கிட்டார் இருந்தது. மாதா பாட்டுக்களுக்குப் போதுமான மூன்று விரல்பிடிகள், அதாவது கோர்ட்கள், எனக்குத் தெரிந்திருந்தபடியால் பழகுவதற்கென்று அதை வீட்டில் விட்டிருந்தார்கள். அதே மூன்று கோர்ட்களை மூன்று மடங்கு வேகத்தில் அடித்தால் கெட்டில் லிட்ஸ் பாட்டு வந்துவிடும் என்பதைக் கண்டுபிடித்த பிற்பகலில் எனக்கிருந்த மகிழ்ச்சி, பிறகு எந்தச் சோதனையில் சித்தியடைந்தும் கிடைக்கவில்லை. டிலானி பாடினாள். வீட்டில் பூனை நடப்பதுபோல நடக்கப் பழகியிருந்த நாங்கள் இரண்டு பேரும் அங்கே தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினோம். கத்தி முடித்ததும் சுவர்களைப் பார்ப்போம். போருக்குக் கட்டிய சுவர், எங்கள் சத்தத்தை ஒரு சொல்லும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டது. அப்படித்தான் நாங்கள் நம்பினோம்.

இனி மாமியைப் பற்றி. டிலானியின் அம்மா, என் அப்பாவின் மூத்த அக்கா, ஸ்டெல்லா மாமி. இளவயதில் லண்டனுக்குப் போய்த் தாதிப் படிப்புப் படித்து, பிறகு மாமாவைக் கலியாணம் செய்து சுவிஸுக்கு வந்து, ஒரு மருத்துவமனையில் வேலை செய்துகொண்டிருந்தார். "லண்டனில படிச்சவ" என்று எங்கள் ஆட்கள் அவரைச் சொல்வார்கள். சுவரில் மாட்டிய ஒரு சான்றிதழைக் காட்டுவதுபோல அவ்வளவோடு நிறுத்திக்கொள்வார்கள், அதற்குமேல் அந்த லண்டனுக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. பாடகர் குழுவை நடத்தியதும் அவர்தான். யாராவது பிந்தி வந்தால் ஏசமாட்டார். பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வந்தவர் உட்கார்ந்து மூச்சு விடும்வரை அவரையே பார்ப்பார். அதற்குப் பிறகு அந்த ஆள் ஒருநாளும் பிந்தமாட்டார். மாமி வாய்விட்டுச் சிரித்தோ சத்தமாகப் பேசியோ நான் கேட்டதில்லை.

ஒரு புதன்கிழமை, முதல் நன்மைப் பூசைக்குக் கிட்டார் வேண்டும் என்று மாமி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். பிள்ளைகள் கீழே படிக்கிறார்கள் என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். உள்ளே காற்றுப் போதாது என்று கோரின் பயப்படுவாள், அதனால் அந்தத் தடித்த கதவை நாங்கள் ஒருநாளும் முழுதாகச் சாத்துவதில்லை. மாமி உள்ளே வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பாட்டின் நடுப்பகுதியில், கண்ணை மூடிக்கொண்டு டிலானி "சில்லிங், சில்லிங்" என்று கத்திக்கொண்டிருந்தாள். குளிரில் விறைக்கிற ஒருவனைப் பற்றிய பாட்டு என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். நான் நிமிர்ந்து பார்த்தபோது மருத்துவமனைச் சப்பாத்தோடும் பொத்தான் எல்லாம் பூட்டிய கோட்டோடும் மாமி நின்றார். என் கை அப்படியே நின்றுவிட்டது. கோரின் ஒரு குச்சியைக் கீழே போட்டாள். கடைசியாகத்தான் டிலானி கண்ணைத் திறந்தாள்.

பாட்டுப் புத்தகம் மூடப்படும் என்று நாங்கள் காத்துக்கொண்டு நிற்க, மாமி சொன்னார்:

"அது சில்லிங் இல்லை, ஷில்லிங். மீட்டருக்குள்ள போடுற காசு. போட்டால்தான் அடுப்புக்கு காஸ் வரும்."

மாமி ஒலிபெருக்கியைப் பார்த்தபடி, அந்த மீட்டர் எங்கட படிக்கட்டுக்குக் கீழதான் இருந்தது என்றார். எங்கட எண்டால் ஆருடைய, அம்மா, என்று டிலானி மெதுவாகக் கேட்டாள். மாமி ஆப்பிள் பெட்டி ஒன்றை இழுத்துப்போட்டு, கோட்டைக் கழற்றாமலேயே உட்கார்ந்தார்.

"அந்தக் கேத்தில் என்ர கேத்தில்" என்றார்.

இதைச் சுவிஸ் ஜெர்மனில் கோரினுக்குச் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவள் காகிதத்தையும் மாமியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

மாமி சொன்னதை நான் எனக்கு நினைவிருக்கிற ஒழுங்கில் சொல்கிறேன். அப்போது அவருக்கு இருபது வயது. அந்த வீட்டின் மேல்மாடியில் ஒரு அறை, கட்டிலும் ஒரு சின்ன மேசையும் போட்டால் நிறைந்துவிடும். கிழமைக்கணக்கில் இரவு வேலை, பகலில்தான் நித்திரை. அடித்தளத்துக்கு நான்கு பொடியன்கள் வந்த நாளிலிருந்து அந்த நித்திரையும் போனது. மாமி முறையிடவில்லை. வந்து ஒரு வருடமாக அவர் எதற்குமே முறையிடவில்லை. மருத்துவமனையில் மேலதிகாரிகளுக்கு "யெஸ் சிஸ்டர்", "நோ சிஸ்டர்". பஸ்ஸில் யாராவது நிறத்தைச் சொல்லி ஏதாவது எறிந்தால் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டுச் சொந்தக்காரரைப் படியில் கண்டால் ஒதுங்கி நிற்பார். ஒருநாள் காலையில் வேலை முடிந்து வந்து, குளித்து, தேத்தண்ணி வைக்கக் கேத்திலைத் தூக்கினால் மூடியைக் காணவில்லை. கீழே தொடங்கிவிட்டார்கள். அந்த இரைச்சலுக்குள் ஒரு சத்தம் மட்டும் தனியாகக் கேட்டதாம், தினமும் தன் கையால் திறந்து மூடிய தகரத்தின் சத்தம்.

மாமி படியிறங்கினார். ஈரத் தலை, வீட்டுச் சட்டை, வெறுங்கால். கதவைத் தட்டவில்லை. முதலில் ஆங்கிலத்தில் கத்தினாராம், ஆங்கிலம் முடிந்துபோனதும் தமிழில் தொடர்ந்தாராம், ஒரு வருடமாகச் சேர்ந்திருந்தது எல்லாம் அதில் வந்ததாம், மூடியைப் பற்றி மட்டும் இல்லை. அந்தப் பொடியன்கள் பாடசாலைப் பிள்ளைகள்போல எழும்பி வரிசையில் நின்றார்கள். மாமி மூச்சு வாங்க நிறுத்தியபோது, பாடுகிறவன், அவனுக்குக் கெவின் என்று பெயர், மிகவும் பணிவாகக் கேட்டிருக்கிறான், இன்னொருமுறை அதேபோலச் சொல்ல முடியுமா என்று.

இதைச் சொல்லும்போதுதான் மாமி சிரித்தார். அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்தது டிலானிக்கே தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கால் சத்தம் வர, சின்னப் பிள்ளைபோல.

மூடி நெளிந்துபோய்த் திரும்பி வந்தது. பின்னேரம் கதவடியில் ஒரு பிஸ்கட் பெட்டி இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் மாமியின் இரவு வேலை நாட்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நாட்களில் மத்தியானத்துக்குப் பின்னரே தொடங்கினார்கள். முதல் கச்சேரிக்கு அழைத்தார்கள். மதுக்கடைக்குள் ஒருநாளும் கால் வைத்திராத மாமி, சேலைக்குமேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு போய், பின்னறையின் கதவோரம் நின்றார். மின்சாரம் நின்று இருட்டானதும் எல்லோரும் கத்தத் தொடங்கினார்கள். "நானும் கத்தினனான்" என்றார் மாமி, ஏதோ கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து பாடியதைச் சொல்வதுபோல. சில மாதங்களில் வீட்டுச் சொந்தக்காரர் பொடியன்களை வீட்டைவிட்டு எழுப்பிவிட்டார். ஒரு வருடம் கழித்து, ஒரு கடை யன்னலில் நால்வருடைய முகமும் இருந்த இசைத்தட்டைக் கண்டு சற்று நேரம் நின்று பார்த்திருக்கிறார். வாங்கவில்லை; போட்டுக் கேட்க அவரிடம் ஒன்றுமில்லை.

பிறகு எழுந்து, கோட்டைத் தட்டி, கிட்டாரை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திருப்பித் தருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கிடையில் வேறொன்று நடந்துவிட்டது. முதலாம் மாடியில் தனியாக இருந்த ஃபிராவ் ஹூபர் என்கிற மூதாட்டி, கெல்லரில் சத்தம் கேட்கிறது என்று அப்வார்ட்டிடம் சொல்ல, அவர் படிக்கட்டில் அப்பாவைக் கண்டபோது சாதாரணமாக அதைச் சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, நேர்முகத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, இனிக் கீழே போக வேண்டாம் பிள்ளை என்றார். அவ்வளவுதான். அவர் கோபப்படவில்லை, பயந்திருந்தார். அப்பா பயந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சண்டை நடந்த ஊரிலிருந்து வந்தவர், முதலாம் மாடி மூதாட்டிக்குப் பயந்துபோய் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமி கிட்டாரோடு வந்தார். அப்பா அதை வாங்க மறுத்து, நடந்ததைச் சொன்னார். அக்கா தன் பக்கம் நிற்பார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மாமி தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, எங்களுக்குக் கீழே சொன்ன கதையை மேலே, தன் தம்பிக்கு, முதலிலிருந்து சொன்னார். பிஸ்கட் பெட்டி வரும்வரைக்கும் அப்பா தலை நிமிரவில்லை. மதுக்கடை வந்தபோது நிமிர்ந்தார்.

"நீங்கள் இதொண்டும் எங்களுக்கு எழுதேல்லையே அக்கா" என்றார்.

"என்னத்தை எழுதுறது? நல்ல சுகம் எண்டு எழுதினனான். நீயும் இஞ்ச வந்து அதைத்தானே எழுதினனீ" என்றார் மாமி. மேசையிலிருந்த ரொட்டித் துகள்களை விரலால் ஒன்றுசேர்த்தபடி தொடர்ந்தார். "ஒரு வருஷமா ஒருத்தருக்கும் கேக்காமல் இருந்தனான் தம்பி. அண்டைக்குத்தான் என்ர குரல் எனக்கே கேட்டது. பிள்ளையளுக்கு ஒரு இடத்தில எண்டாலும் சத்தம் போட விடு."

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் அப்பா, அம்மாவிடம் ரோல்ஸ் சுடச் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு நன்றியோ மன்னிப்போ எதுவானாலும், கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ்தான். சட்டை மாற்றி, ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு முதலாம் மாடிக்கு இறங்கினார். தொந்தரவுக்கு வருந்துகிறோம் என்கிற ஒரு ஜெர்மன் வசனத்தைப் படி நெடுகப் பாடமாக்கிக்கொண்டே வந்தார்.

ஃபிராவ் ஹூபர் வசனத்தை முழுதாகக் கேட்டார். பிறகு, தனக்கு இசையால் ஒரு தொந்தரவும் இல்லை என்றார். தன்னுடைய சலவை நாள் புதன்கிழமை. கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போகும்போது திடீரென்று யாரோ அலறுவது கேட்கிறது, யாருக்கோ ஆபத்து என்று நெஞ்சு பதறிப்போகிறது. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை அலறுவீர்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் நான் பதறமாட்டேன், எழுதி ஒட்டிவிடுங்கள், அவ்வளவுதான் என்றார். அப்பா என்னைப் பார்த்தார், தனக்குச் சரியாக விளங்கவில்லை என்று நினைத்து. சரியாகத்தான் விளங்கியிருந்தது. தட்டை வாங்கிக்கொண்ட ஃபிராவ் ஹூபர், உள்ளே இறைச்சியா மரக்கறியா என்று கேட்டார்.

அந்தக் கிழமையே அப்வார்ட் வாஷ்பிளான் அட்டையில், அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டு, புதன் பிற்பகல் இரண்டு மணிநேரத்துக்கு எதிரே, உடுப்புத் தோய்ப்பவர்களின் பெயர்களுக்கு நடுவில், "இசை" என்று அழகான எழுத்தில் எழுதினார். இந்த நாட்டில் அட்டையில் ஏறிவிட்ட ஒன்றை யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்கள் குழுவுக்குப் பெயர் தேடி அலைந்துகொண்டிருந்த எங்களுக்கு அதற்குப் பிறகு தேட வேலை இருக்கவில்லை. நாங்கள் "வாஷ்பிளான்" ஆனோம்.

நேர்முகத்துக்கு நாங்கள் நால்வரும் இஸ்திரி போட்ட உடுப்போடு போனோம். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் சிலர் இருந்தார்கள். கிரைஃபன்சே ஏரியைப் பற்றியும், மாநிலங்களைப் பற்றியும், வாக்களிப்பைப் பற்றியும் கேட்டார்கள். அப்பா எல்லாவற்றையும் இரவும் பகலும் படித்து வைத்திருந்தார், ஒவ்வொரு பதிலையும் மெல்லிய குரலில், மேசையைப் பார்த்தே சொன்னார். கடைசியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண், பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பொதுவாகக் கேட்டார். தம்பி உதைபந்தாட்டம் என்றான். என் முறை வந்தது. தேவாலயத்தில் பாடுகிறேன் என்று சொல்வதாகத்தான் வீட்டில் பேசி வைத்திருந்தோம். நான் வாயைத் திறக்கும் முன் அப்பா நிமிர்ந்தார்.

"என் மகள் கெல்லரில் இசைக்குழு வைத்திருக்கிறாள்" என்றார் ஜெர்மனில். ஒரு கணம் சொல் தேடினார். பிறகு, அதுவரை அந்த அறைக்குள் அவர் பேசியிராத உரத்த குரலில், "மிகவும் சத்தம்" என்றார்.

மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். மூக்குக்கண்ணாடிப் பெண் அயலவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். சலவை அட்டையில் எழுதியிருக்கிறது என்று அப்பா சொன்னார். இந்தமுறை எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். பல மாதங்கள் கழித்துச் சாதகமான பதில் வந்தபோது அந்தச் சிரிப்பால்தான் கிடைத்தது என்று அம்மா சொல்லுவார். ஏரிகளைப் படித்ததால் கிடைத்தது என்று அப்பா சொல்லுவார்.

கோடையில் கட்டடத்து முற்றத்தில் எல்லோரும் சேர்ந்து இறைச்சி வாட்டிச் சாப்பிட்ட நாளில் நாங்கள் மேடை ஏறினோம். மேடை என்றால் அப்வார்ட்டின் இரண்டு பலகைகள். எங்களிடம் இரண்டு பாட்டுகள் இருந்தன, இரண்டும் அதே மூன்று கோர்ட்கள். நான் நடுவில் ஓரிடத்தில் தவறி, கோரினுக்கு ஒரு சுற்றுப் பின்னால் வந்து முடித்தேன். ஃபிராவ் ஹூபர் கடைசிவரை கை தட்டினார். மாமி பூசைக்குப் போகிற சேலையோடு வந்து முன்வரிசையில் இருந்தார். முடிந்ததும் டிலானியைக் கூப்பிட்டு, சொல்லுகள் தெளிவாக விளங்கவில்லை, வாயைத் திறந்து பாட வேண்டும் என்று சொன்னார், பாடகர் குழுவில் சொல்வதுபோலவே. அடுத்த வருடம் கோரின் குடும்பம் லாங்கன்தாலுக்குக் குடிபோக, வாஷ்பிளான் கலைந்தது. சண்டை பிடித்துக் கலையவில்லை. ட்ரம்ஸ் ஒரு லொறியில் போய்விட்டது.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. இடித்துவிட்டு, மரப்பலகை போர்த்திய ஒரு புதிய கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு சலவை இயந்திரம் இருக்கிறதாம், ஆகவே சுவரில் அட்டை இல்லை, கூடையோடு படிக்கட்டில் யாரும் யாரையும் சந்திப்பதும் இல்லை. ஃபிராவ் ஹூபர் இறந்துபோய்ப் பல வருடங்கள். கசெட் போட ஒரு கருவி எங்கள் யார் வீட்டிலும் கிடையாது. கெட்டில் லிட்ஸ் இப்போது கைபேசியில் கிடைக்கிறார்கள், கரகரப்பைத் துடைத்து, மிகவும் சுத்தமாக. அவர்களைப் பற்றி இணையத்தில் எழுதியிருக்கிறவர்கள், மேல்மாடியிலிருந்து கோபத்தோடு வந்த அந்தப் பெண் யார் என்பது தெரியவில்லை என்று எழுதுகிறார்கள். சில இடங்களில் அந்தக் கதையே கட்டுக்கதை என்கிறார்கள். டிலானி ஒருமுறை திருத்தி எழுதப் போனாள். மாமி வேண்டாம் என்றுவிட்டார்.

போன வருடம் கெவின் இறந்துபோன செய்தி வந்தது. டிலானிதான் கண்டு தாயிடம் சொன்னாள். மாமிக்கு இப்போது எழுபது ஆகப்போகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில், இறந்தவர்களுக்காக வேண்டும் இடத்தில், அந்தோனிப்பிள்ளைகளுக்கும் மரியம்மாக்களுக்கும் பிறகு, சுவாமியார் கையிலிருந்த தாளைச் சற்றுக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, கெவின் என்று வாசித்தார். யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் சேர்ந்த நூற்றுக்கணக்கானவர்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்காமல், அவனுடைய ஆன்மாவுக்காகவும் ஒரே குரலில் மன்றாடினார்கள்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, பக்கத்திலிருந்த ஒரு அம்மா அது ஆர் கெவின் என்று விசாரித்தார்.

"லண்டனில எனக்குக் கீழ இருந்த பொடியன்" என்றார் மாமி. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சரியான சத்தம்."